ஒரு டின் தவிடு

கடிதம் வந்த நேரத்தில் நிரோஷா வேறொருவருடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கும் கோழித்தீனிக் கடைக்கும் நடுவே இருக்கிற கொமியூனிகேசன் கடையில் அவளுக்கு அதுதான் வேலை. மூன்று மொழியிலும் படிவம் நிரப்புவாள், கடிதம் தட்டச்சுச் செய்வாள், போட்டோ கொப்பி எடுப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருடைய பெயர், பிறந்த திகதி, தாயின் பெயர், தகப்பனின் பெயர் அவள் விரல் வழியே போகும். எங்கே பிழை வரும், எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் இருபத்திரண்டு வயதில் அவளுக்கு அத்துப்படி.

கைபேசியில் வந்த மின்னஞ்சலை இரண்டு தடவை வாசித்தாள். எதிரே இருந்தவரின் விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு மூன்றாவது தடவை வாசித்தாள்.

கனடாக் குடிவரவு அலுவலகத்தின் கடிதம். மரபணுப் பரிசோதனை முடிவு கிடைத்தது, அங்கே வசிக்கும் ஞானேஸ்வரிதான் நிரோஷாவைப் பெற்றவர் என்பதை ஏற்கிறோம் என்று முதல் பந்தி சொன்னது. இரண்டாவது பந்திதான் ஆபத்து. ஞானேஸ்வரி 2010இல் அகதியாக வந்து இறங்கியபோது தனக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நிரோஷாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பாடசாலைப் பதிவிலும் தாயின் பெயர் சுப்பம்மா என்றே இருக்கிறது. இந்த உறவை இரண்டு பக்கமும் மறைத்தது ஏன் என்பதை முப்பது நாட்களுக்குள் ஆதாரத்துடன் விளக்க வேண்டும். தவறினால் தாயுடன் போய்ச் சேர்வதற்கான விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

"என்ன, விசா வந்துட்டா?" என்று கேட்டாள் பக்கத்துக் கணினியில் இருந்த ஜஹானா. கடைக்காரர் முஹைதீன் ஹாஜியாரின் மருமகள் அவள். "மூஞ்சியப் பாத்தா வந்தமாதிரி இல்லயே."

"நாங்க அம்மாவும் மகளுமா பொய் சொல்லியிருக்கோமாம், ராத்தா."

"எந்த அம்மா?"

"அதுதான் கேள்வியே" என்றாள் நிரோஷா.

*

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1977க்குப் போக வேண்டும். அந்த வருடக் கலவரத்துக்குப் பிறகு நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் ஏறி வன்னிக்குப் போன குடும்பங்களில் ஒன்று சுப்பம்மாவுடையது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தங்கை ஞானேஸ்வரி இரண்டு வருடம் கழித்துக் கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்தாள். அக்காவுக்குத் தோட்டத்துப் பெயர், தங்கைக்கு வன்னிப் பெயர். பேச்சும் அப்படித்தான். சுப்பம்மா இன்றைக்கும் "போறேன்" என்பாள். ஞானேஸ்வரி "போறன்" என்பாள்.

சுப்பம்மா பிள்ளை இல்லாமலே விதவையானாள். ஞானேஸ்வரி கணேஸ் என்கிற மேசன் வேலைக்காரரைக் கலியாணம் செய்தாள். முதல் பிள்ளை நாற்பதாம் நாள் போனது. இரண்டாவது மூன்று மாதம் இருந்தது. 2002இல் மூன்றாவதாகப் பிறந்தவள் நிரோஷா.

பதினோராம் நாள் சுப்பம்மா ஒரு பழைய பால்மா டின் நிறையத் தவிட்டோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். தவிட்டைக் கொடுத்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை தங்காத வீடுகளில் மலையகத்துப் பழைய குடும்பங்கள் செய்கிற காரியம் இது. தாயின் பிள்ளையாக இருந்தால்தானே பறிபோகும்? கோழிக்குப் போடுகிற தவிட்டுக்கு இன்னொருத்திக்கு விற்றுவிட்டால், பறிக்க வருவது எதுவோ அது ஏமாந்து திரும்பிவிடும். பெற்றவள் அதன் பிறகு "என் பிள்ளை" என்று வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைக்குக் கலியாணம் ஆகும் நாளில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அநேகமான வீடுகளில் இது அரை மணி நேரச் சடங்கு. பின்னேரமே பிள்ளை தாயின் மடிக்கு வந்துவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஞானேஸ்வரிக்கு அரைகுறையாகச் செய்யத் துணிவு வரவில்லை. நிரோஷா ஞானேஸ்வரியிடம் பால் குடித்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் சுப்பம்மாவின் வீட்டில் தூங்கினாள். சுப்பம்மாவை "அம்மா" என்றாள். பெற்றவளை "சித்தி" என்றாள். சுப்பம்மா அவளைக் கூப்பிட்டது "தவுடு" என்று.

2009 மார்ச்சில், இறுதி யுத்தத்தில் சிக்கி, அவர்கள் மாத்தளன் கடற்கரையில் இருந்தார்கள். கணேஸ் முந்தைய மாதமே செல் குண்டு விழுந்து இறந்திருந்தார். அந்த வாரம் ஞானேஸ்வரியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. காயக்காரரை ஏற்ற கப்பல் வந்து தூரத்தில் நின்றது. கரையில் பெயர் எழுதிய ஆள் ஞானேஸ்வரியைப் படகில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்தார்.

"உங்கட பிள்ளையோ? உங்கட எண்டால் ஏத்தலாம்."

ஞானேஸ்வரி பிள்ளையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "அக்காட பிள்ளை."

படகு போய்விட்டது. நிரோஷாவுக்கு அதில் நினைவிருப்பது தன் தலையை அழுத்திக்கொண்டிருந்த சுப்பம்மாவின் கை மட்டும். அதன் பிறகு இரண்டு மாதம் பதுங்குகுழி. கடைசியாக இருந்த குழியில் பதினொரு பேர், வெளியே வந்தது மூன்று பேர். அந்த மூவரில் இருவர் சுப்பம்மாவும் நிரோஷாவும். சுப்பம்மாவின் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது: தங்கை கரையில் "என் பிள்ளை" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அதனால் பிள்ளை இருக்கிறது.

முகாமில் பதிவு செய்தவர் "அம்மா பேர் என்ன?" என்று கேட்டார். நிரோஷா "சுப்பம்மா" என்றாள். அதிலிருந்து எல்லாக் காகிதமும் அப்படியே வளர்ந்தது. முகாமை விட்டு வெளியே வந்தபோது கிளிநொச்சியில் அவர்கள் பெயரில் ஒரு துண்டுக் காணியும் இல்லை. சுப்பம்மா முப்பத்துமூன்று வருடம் கழித்து அதே நாவலப்பிட்டித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். உறவுக்காரர் ஒருவர் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றைக் கொடுத்தார். 2011இல் ஊருக்கு வந்த அரசாங்க நடமாடும் சேவையில், தொலைந்துபோன பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகப் புதிது எடுத்தார்கள். அதிலும் தாய் சுப்பம்மா.

ஞானேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து இந்தியா, அங்கிருந்து தாய்லாந்து, அங்கிருந்து கப்பலில் கனடா போனாள். இறங்கியதும் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. இல்லை என்று சொன்னாள். அக்காவும் பிள்ளையும் இன்னும் முட்கம்பிக்குள் இருந்த நேரம் அது. கரையில் சொல்லாததை அங்கே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

*

முப்பது நாளில் முதல் பத்து நாள் தொலைபேசியில் போனது. டொரன்டோவில் ஞானேஸ்வரியின் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணியின் அலுவலகத்தில் சுதேஷ் என்றொருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான குரல்.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. சுப்பம்மா அம்மாட்ட ஒரு சத்தியக்கடதாசி எடுத்தால் காணும். 'நான் தாய் இல்லை, யுத்தத்தால பாதுகாவலராய் மட்டும் இருந்தனான்' எண்டு. வசனம் நான் அனுப்பிறன். நீங்கள் ஒரு சமாதான நீதவானிட்ட சீல் அடிச்சு அனுப்புங்கோ."

சமாதான நீதவானைத் தேட வேண்டியதில்லை. முஹைதீன் ஹாஜியாரே சமாதான நீதவான்தான். அலவத்துகொடையிலிருந்து காலை எட்டரைக்குக் கடைக்கு வருவார். சீல் அவருடைய மேசை லாச்சியில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நிரோஷா நாவலப்பிட்டிக்குப் போய், சுதேஷ் அனுப்பியதை லயத்துக் காம்பராவில் வாசித்துக் காட்டினாள். சுப்பம்மா கொழுந்துக் கூடையின் அறுந்த கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"'தாய் அல்ல'ன்னு போட்டிருக்கா?"

"சும்மா எழுதுறதுதானே மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எழுதுனா நெலச்சிரும்." சுப்பம்மா கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கினாள். "ரெண்டு புள்ள அங்கன மண்ணுக்குள்ள கெடக்கு. மூணாவது நீ. ஒனக்குத் தாலி ஏறட்டும், அவ தவுட்டக் கொண்டாந்து குடுக்கட்டும், அப்பறம் நானே ஊருபூரா சொல்றேன்."

"அப்ப பத்தொம்பது நாளுக்குள்ள எனக்கு ஒரு மாப்பிள்ளையப் புடிச்சிக் குடு."

"வாய்க்கொழுப்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"ம்மா, இது போனா போனதுதான். பொறகு கூப்புட மாட்டாங்க. சித்திக்கு அந்தக் கால இழுத்துக்கிட்டு, தனியா, எத்தன வருசம்."

 சுப்பம்மா அடுத்த முடிச்சைப் போட்டாள். "நீ போக வேணாம்னு நான் சொல்லல. உசுரோட போ-ன்னு சொல்றேன்."

அடுத்த வாரமும் அதே பேச்சு. அதற்கடுத்த வாரம் ஞானேஸ்வரியே தொலைபேசியில் கெஞ்சினாள். சுப்பம்மா தங்கையிடம் ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீ அன்னைக்குக் கரையில சொல்லியிருந்தா இவ இன்னைக்கு இருப்பாளா?" 

இருபத்தெட்டாம் நாள் புதன்கிழமை, ஹாஜியார் வெளியே போயிருந்த நேரம், நிரோஷா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து சுப்பம்மாவின் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தே அவள் பழக்கிக் கொடுத்ததுதான். "சு"வின் சுழி பெரிதாக, கடைசி "மா" கோட்டுக்குக் கீழே இறங்கி. ஏழாவது தடவை அச்சாக வந்தது. லாச்சியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் கள்ளக் கையெழுத்து எப்படிப் பிடிபடும் என்பது அவளுக்குத் தெரியும், இது பிடிபடாது என்பதும் தெரிந்தது. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

ஹாஜியார் திரும்பி வந்து கதிரையில் இருந்தார், ஏதோ எடுக்கக் குனிந்தார், கூடையைப் பார்த்தார். தாளை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு லாச்சியைப் பூட்டி, சாவியையும் அதே பையில் போட்டார்.

"மகள், என்ன விசயம்? முழுசாச் சொல்லுங்க."

அவள் முழுசாகச் சொன்னாள். தவிடு, கப்பல், கடிதம் எல்லாம். ஜஹானா தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒங்கட உம்மா சொல்லவே மாட்டேன் எண்டு சொல்லல்ல" என்றார் ஹாஜியார். "அந்த வக்கீல் எழுதினதச் சொல்ல மாட்டேங்கிறா. அதுல பிழை என்ன? அது அவட பேச்சு இல்லயே. சத்தியக்கடதாசி எண்டா சொல்றவட பேச்சு. அவ சொல்றபடி எழுதி, வாசிச்சிக் காட்டி, அவ 'ஆமா' எண்டாத்தான் நான் சீல் வெப்பேன். வேற யார்ட பேச்சுக்கும் வெக்க மாட்டேன்."

அன்று பின்னேரம் நிரோஷா பக்கத்துக் காம்பராவின் தொலைபேசிக்கு அழைத்து சுப்பம்மாவைக் கூப்பிட்டாள்.

"ம்மா, ஒன் வார்த்தையிலயே எழுதலாமாம்."



"வாங்குனேன்னு எழுதுவாங்களா?"

"எழுதுறது நான்தானே."

"அப்ப வெள்ளிக்கெழம வாறேன். நாளைக்கு நாள் நல்லா இல்ல."

*

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கனடா நேரம் காலை ஒன்பது மணிக்கு, அதாவது கட்டுகஸ்தோட்டையில் மாலை ஆறரைக்கு, கையில் இருப்பதைச் சுதேஷ் அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு வருவது வீண்.

காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு வர வேண்டிய சுப்பம்மா வரவில்லை. பதினொரு மணிக்கு ஜஹானா முகநூலில் பார்த்துச் சொன்னாள், கம்பளைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிக் கிடக்கிறதாம். சுப்பம்மாவிடம் கைபேசி இல்லை. பன்னிரண்டுக்கு ஹாஜியார் ஜும்மாவுக்குப் போனார், இரண்டுக்கு வந்தார்.  நிரோஷா அன்றைக்கு ஒரு அடையாள அட்டை விண்ணப்பத்தில் பிறந்த வருடத்தைப் பிழையாக எழுதினாள். இரண்டு வருட வேலையில் அது முதல் பிழை.

நாலு நாற்பதுக்கு, பொலித்தீன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுப்பம்மா படியேறினாள். சேலை முழங்கால் வரை சேறு.

"சரிஞ்ச எடத்துல எறங்கி நடந்தேன்" என்றாள். "அந்தப் பக்கம் வேற பஸ். கண்டில ஒரு மணி நேரம் நெரிசல்."

ஜஹானா துவாய் கொடுத்தாள். ஹாஜியார் கதிரையைக் காட்டினார்.

"இரிங்க, தங்கச்சி. மொதல்ல ஒண்டு சொல்லோணும். பதிவுக்காரருக்குப் பிழையா விவரம் குடுத்ததெண்டு நாளைக்கு யாரும் ஒங்களக் கேக்கலாம். தெரிஞ்சிதான் சொல்றீங்களா?"

"கேக்கட்டும் ஹாஜியார். செல்லுக்கு ஓடுனவ பேப்பருக்கு ஓடுவேனா?"

சுப்பம்மா சொல்லத் தொடங்கினாள். நிரோஷா தட்டச்சுச் செய்தாள். அது இப்படி இருந்தது:

"இந்தப் பிள்ளையை நான் பெறவில்லை. என் தங்கை ஞானேஸ்வரி பெற்றாள். பதினோராம் நாள் ஒரு டின் தவிடு கொடுத்து நான் வாங்கினேன். அவளுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, அதனால். தவிட்டை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. ஆகவே பிள்ளை என் பிள்ளைதான். தனக்குப் பிள்ளை இல்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. நான் தாய் என்று சொன்னதும் பொய்யில்லை."

"சரியா இருக்கு" என்றாள் சுப்பம்மா.

ஐந்தரைக்கு நிரோஷா அதன் ஆங்கிலத்தைத் தொலைபேசியில் சுதேஷுக்கு வாசித்தாள். அவர் நடுவிலேயே மறித்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. வாங்கினதோ? பிள்ளையை வாங்கினது எண்டு கனடாக்காரனுக்கு எழுதப் போறீங்களோ? தங்கச்சி, அவன் இதை ஆள்கடத்தல் எண்டு எடுப்பான். உங்கட விசா போறது ஒரு பக்கம். பிள்ளையை வித்தவ எண்டு ஞானேஸ்வரி அம்மாவையும் கூப்பிட்டு விசாரிப்பினம். அவவின்ர இருப்புக்கே ஆபத்து. அந்த வசனத்தை எடுங்கோ."

நிரோஷா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு சுப்பம்மாவைப் பார்த்தாள்.

"ம்மா, 'வாங்குனேன்'ங்கிறத மட்டும் எடுத்துட்டா?"

"அப்ப நான் பெறலங்கிறது மட்டும் நிக்கும்."

"ஆமா."

சுப்பம்மா எழுந்து பொலித்தீனை எடுத்தாள். "நாவலப்பிட்டி பஸ் எத்தன மணி வரைக்கும் இருக்கு?"

நிரோஷா ஹாஜியாரைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஐம்பத்தைந்து.

"இரு மா. எடுக்கல. அப்படியே இருக்கட்டும்."

தமிழ்ப் பிரதியை அவள் தொடவில்லை. ஆங்கிலப் பிரதியில், "வாங்கினேன்" என்ற இடத்தில், "ஏற்றுக்கொண்டேன்" என்று பொருள்படும் ஒரு மெதுவான சொல்லைப் போட்டாள். ஹாஜியாருக்கு ஆங்கிலம் அரைகுறை. அம்மாவுக்கு அறவே தெரியாது. ஒரே ஒரு சொல், எல்லாரும் தப்பிவிடலாம்.

"இங்கிலீசுல எழுதிட்டியா?" என்றாள் சுப்பம்மா.

"எழுதிட்டேன்."

"வாசி."

"வாசிச்சா ஒனக்கு வெளங்கவா போகுது?"

"வாசி. நீ பொய் சொன்னா ஒன் மூஞ்சில வெளங்கும்."

நிரோஷா முதல் வரியை வாசித்தாள். இரண்டாவது வரியை வாசித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். ஜஹானா தலையைத் திருப்பிக்கொண்டாள். நிரோஷா அந்தச் சொல்லை அழித்துவிட்டு, "வாங்கினேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லையே அடித்தாள். பிறகு அதற்குக் கீழே, சுப்பம்மா சொல்லாத நாலு வரியை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகப் பிரித்து, தன் பெயரில் சேர்த்தாள். தவிடு என்பது நெல் குற்றும்போது மிஞ்சுவது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் கோழிக்குப் போட விற்கிறார்கள். அதைவிட மலிவான பொருள் எங்களிடம் இல்லாததால்தான் அதைக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்குப் பெறுமதி இல்லை என்று காட்டினால்தான் அது பிழைக்கும் என்பது நம்பிக்கை.

அந்தக் குறிப்பையும் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"ஆமா" என்றாள் சுப்பம்மா, முழுவதற்கும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். "சு"வின் சுழி கோணலாக வந்தது, நிரோஷா போட்ட ஏழாவதைவிட மோசமாக. ஹாஜியார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து லாச்சியைத் திறந்தார். சீல் வைத்தார், கையொப்பமிட்டார், திகதி எழுதினார். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மஃரிப் தொழுகைக்குப் படியிறங்கும்போது ஸ்கான் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு இருபத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"உங்கட விருப்பம்" என்று சுதேஷ் பதில் போட்டார். "நான் சொல்லிப்போட்டன். அனுப்பிறன்."

*

ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. எட்டாவது வாரம் ஒரு அறிவித்தல் வந்தது. இரண்டு சகோதரிகளையும் நிரோஷாவையும் ஒரே நாளில், தனித்தனியாக, காணொளியில் மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரிப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கூட இருக்கக் கூடாது.

சுதேஷ் ஒத்திகை பார்க்கச் சொன்னார். யார் வந்தது, எந்த நாள், என்ன டின், யார் சாட்சி. மூவரும் தொலைபேசியில் நாலு தடவை சொல்லிப் பார்த்தார்கள். சுப்பம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நடந்தத எதுக்குப் பாடமாக்கணும்?" என்று முணுமுணுத்தாள்.

நிரோஷாவின் முறை முதலில் வந்தது. பன்னிரண்டு நிமிடம். "உங்கள் தாய் யார்?" என்று அதிகாரி கேட்டார். "பெத்தவங்க ஞானேஸ்வரி. அம்மா சுப்பம்மா" என்றாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கி, மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள்.

பிறகு சுப்பம்மா கொமியூனிகேசனின் மேல்மாடி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினார்கள். நிரோஷா படியில் இருந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். உள்ளே சுப்பம்மாவின் குரல் ஒரு தடவை உயர்ந்தது. பிறகு சிரிப்புப் போல ஏதோ.

"சண்ட புடிக்கிறாவா, சிரிக்கிறாவா?" என்றாள் ஜஹானா.

"தெரியல ராத்தா."

கதவு திறந்தது.

"என்னம்மா கேட்டாங்க? இவ்வளவு நேரம்?"

"எல்லாங் கேட்டாங்க. கடைசியில ஆட்டப் பத்திக் கேட்டாங்க."

"எந்த ஆடு?"

"அவ முடிக்கட்டும், அப்பறம் சொல்றேன்" என்று சுப்பம்மா கீழே இறங்கி முகம் கழுவப் போய்விட்டாள்.  நாலு ஒத்திகையில் ஆடு என்று ஒன்று வரவேயில்லை. பொய்யாக ஒரு ஆட்டை அம்மா ஏன் கொண்டுவந்தாள்? அங்கே டொரன்டோவில் ஞானேஸ்வரி விசாரணைக்குள் இருந்தாள், தொலைபேசி அணைந்திருந்தது. ஒன்றே கால் மணி நேரம் கழித்துச் சுதேஷ் எடுத்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி. நல்லாத்தான் சொன்னவ. கடைசியில ஒரு கேள்விதான், நாங்கள் எதிர்பாக்காதது. அந்தத் தவிட்டுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டவங்கள்."

"சித்தி என்ன சொன்னா?"

"அது ஒரு விசர்க் கதை. அண்டைக்கே ஆடு திண்டிட்டுதாம். டின்னையும் கவிட்டுப்போட்டு."

நிரோஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே தேநீர் குடித்துவிட்டு வந்த சுப்பம்மா அவளைப் பார்த்து, "என்னாத்துக்கு இப்ப அழுவுற? யாரு வீட்டு ஆடுன்னும் சொல்லிட்டேன்" என்றாள்.

ஒக்டோபர் கடைசியில் விசா வந்தது. சத்தியக்கடதாசியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

*

ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை காலை, நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் சுப்பம்மா நிரோஷாவின் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தாள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அன்றைக்குக் கொழுந்து அதிகம், வேலைக்குப் பெயர் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"பசிச்சா வாயத் தொறந்து கேளு. அவ காலு வலியில மறந்துருவா."

"சரி மா."

"போன ஒடனே ஃபோன் போடு. இன்னொண்ணு." சுப்பம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன போயி அவள அம்மான்னு கூப்புட்டுறாத. தவுடு இன்னும் வரல."

"தெரியும் மா."

கதவைச் சாத்திவிட்டு அவள் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். வேன் கிளம்பும்வரை நிற்கவில்லை.

டொரன்டோ விமான நிலையத்தின் வெளிவாசலில் நல்ல கூட்டம். ஞானேஸ்வரி இரண்டு மணி நேரம் முன்பே வந்து தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆறு வயதுக்குப் பிறகு நிரோஷா தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்த முகம், திரையில் பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஞானேஸ்வரி ஒரு காலை இழுத்துக்கொண்டு முன்னே வந்து, கையில் வைத்திருந்த குளிர்ச்சட்டையை விரித்து அவளுக்குப் போட்டுவிட்டாள். கழுத்துவரை பொத்தான் பூட்டினாள்.

பக்கத்தில் வேறு யாருக்கோ காத்துக்கொண்டிருந்த ஒரு வயதான தமிழ் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கட மகளோ?"

ஞானேஸ்வரியின் கை கடைசிப் பொத்தானில் நின்றது.

"இல்லை" என்றாள். "அக்காட பிள்ளை."

பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மற்றக் கையால் நிரோஷாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கார் நிற்கும் பக்கம் நொண்டி நடந்தாள். அந்தப் பிடி வலித்தது. நிரோஷா கையை விடுவிக்கவில்லை.